பழைய குரோம் ப்ளேட்டிங் ஃபேக்டரி இடத்தை சுத்தம் பண்ணித் தந்த கம்பெனி: 5க்கு 3.5

மார்க்கை முதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 3.5. மண்ணு வேலைக்கு மட்டும் தனியா போடச் சொன்னா 4.5 கூட போடுவேன், நிலத்தடி தண்ணி விஷயத்துல 2, ரிப்போர்ட் எழுதுன லட்சணத்துக்கு 1 குடுக்கறதே பெரிய மனசு. கம்பெனி பேரு போடல, இன்னும் கொஞ்சம் கணக்கு வழக்கு பாக்கி இருக்கு, அது போக இந்த ஃபீல்டுல நிறைய கம்பெனி கிட்டத்தட்ட இதே மாதிரிதான் வேலை செய்யுது, அதனால பேரை விட எதைப் பாத்து ஆளை எடுக்கணும்ங்கறதுதான் படிக்கறவங்களுக்கு உபயோகப்படும்.

இடம் என்னன்னா, ரொம்ப வருஷம் குரோம், நிக்கல் பூச்சு வேலை ஓடுன ஃபேக்டரி. அதை மூடிட்டு தொட்டியெல்லாம் கழட்டி வித்துட்டாங்க, ஷெட்டும் சிமெண்ட் தரையும் மட்டும் மிச்சம். பாத்தா ஒண்ணுமே தெரியாது, கூட்டிப் பெருக்கி நீட்டா இருந்துச்சு. நாங்க பார்ட்னருங்க சேர்ந்து அங்க ஒரு குடோன், முன்பக்கம் ஆபீஸ் கட்டற ஐடியா. ஜேசிபி விட்டு தரையை உடைச்சு மேல புது மண்ணு கொட்டிட்டா முடிஞ்சுது வேலைன்னு ஒரு பார்ட்னர் கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, அவரை சமாளிக்கறதே ஒரு தனி ப்ராஜெக்ட்.

இந்த சர்வீஸ்ல முதல் கட்டம் மண்ணைத் தொடாம செய்யற வேலை, பேப்பர் பாக்கறது, பழைய ஏரியல் ஃபோட்டோ பாக்கறது, இடத்தை சுத்தி நடந்து பாக்கறது, தெரிஞ்ச ஆளுங்ககிட்ட விசாரிக்கறது. இதுக்குப் பேரு ஃபேஸ் 1, அமெரிக்காவுல ஏஎஸ்டிஎம் இ1527னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு, உலகத்துல பல இடத்துல அதைத்தான் முன்மாதிரியா வெச்சு பண்றாங்க. அங்க இது சும்மா சம்பிரதாயம் இல்ல, 1980ல வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, அழுக்கு பண்ணவன் எவனா இருந்தாலும் இப்போ நிலத்தை கையில வெச்சிருக்கவன் தலையிலயும் சுத்தம் பண்ற பொறுப்பு விழும், வாங்கறதுக்கு முன்னாடி முறைப்படி விசாரிச்சு வாங்குனவனுக்கு பாதுகாப்புன்னு 2002ல திருத்தம் கொண்டு வந்தாங்க. அந்த சட்டமே வர்றதுக்கு முக்கிய காரணம் நயாகரா ஃபால்ஸ் ஊர்ல இருக்கற லவ் கெனால். ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி அங்க ஒரு பழைய கால்வாய் பள்ளத்துல ஏறத்தாழ 20,000 டன் கெமிக்கல் கழிவைப் போட்டு மூடி, 1953ல ஸ்கூல் போர்டுக்கு 1 டாலருக்கு எழுதிக் குடுத்துச்சு, உள்ள கெமிக்கல் கழிவு இருக்கு, பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்லைன்னு பத்திரத்துலயே ஒரு வரி. அங்க ஸ்கூல் கட்டுனாங்க, சுத்தி வீடு வந்துச்சு, 1978ல ஜனங்களை காலி பண்ண வேண்டியதாச்சு. பத்திரத்துல எழுதியே இருந்துச்சு, அப்பவும் இப்படி. அதனால பழைய பத்திரத்தை கடைசி பக்கம் வரைக்கும் உக்காந்து படிக்கற கன்சல்டன்ட் கிடைச்சா விட்டுடாதீங்க.

நம்ம கம்பெனி இதுல அசத்திட்டாங்க. அங்க வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவரை தேடிப் பிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. ப்ளான்ல ஸ்டோர் ரூம்னு போட்டிருந்த இடத்தை அவரு காட்டி, இங்கதான் சார் பூச்சுக்கு முன்னாடி சாமான்ல இருக்கற எண்ணெய் பிசுக்கை எடுக்க டிசிஇ தொட்டி வெச்சிருந்தோம், உபயோகிச்சு முடிச்ச திரவத்தை பின்னாடி சுவர் ஓரமா ஊத்திடுவோம்னு சர்வ சாதாரணமா சொன்னாரு. டிசிஇன்னா ட்ரைகுளோரோஎத்திலீன், அந்தக் காலத்து மெட்டல் ஃபேக்டரி பலதுலயும் கிரீஸ் எடுக்க இதுதான். எங்ககிட்ட இருந்த எந்த பேப்பர்லயும் இந்த தொட்டி கிடையாது. அந்த ஒரு பேச்சு இல்லேன்னா எல்லாரும் குரோமியத்தை மட்டும் தேடிட்டு இருந்திருப்போம். இந்த கட்டத்துக்கு ஃபுல் மார்க், யோசிக்கவே வேணாம்.

அடுத்தது துளை போட்டு சாம்பிள் எடுக்கறது. இங்கதான் இந்த மாதிரி கம்பெனியோட தரமே தெரியும்னு நான் நினைக்கறேன். எத்தனை டிப்பர் வெச்சிருக்கான், எத்தனை மெஷின் வெச்சிருக்கான்னு பாத்து பிரயோஜனம் இல்ல, எங்க துளை போடறான், ஏன் அங்க போடறான்னு கேட்டா பதில் சொல்றானான்னு பாக்கணும். இவங்க ரிக் குழாயை சுத்தி துளைக்காம நேரா அழுத்தி இறக்கற டைப், உள்ள ஒரு ப்ளாஸ்டிக் உறை, அதை வெளிய எடுத்து நீளவாக்குல கீறி மேஜை மேல வெச்சா பூமி அடுக்கடுக்கா அப்படியே தெரியுது. குரோம் தொட்டி நின்ன இடத்துக்குப் பக்கத்துல எடுத்ததுல மேல சரளை, அது கீழ சாதா செம்மண், அதுக்கும் கீழ ஒரு விரக்கடை அளவுக்கு எலுமிச்சை மஞ்சள் பட்டை. ஆறு சார்ஜ் குரோமியம், அதாவது குரோமியம் 6, தண்ணில கரைஞ்சா மஞ்சளாத்தான் இருக்கும். தரையில தொட்டிக்கு நேர் கீழ ஒண்ணுமில்ல, ரெண்டு சிமெண்ட் ஸ்லாப் சேர்ற ஜாயின்ட்டுக்கு கீழதான் அந்த மஞ்சள். ஃபீல்டுல இருந்த பொண்ணு, ரொம்ப சின்ன வயசு, தரையில இருந்த வெடிப்பு, ஜாயின்ட், ட்ரெய்ன் எல்லாத்தையும் முதல்ல சாக்பீஸ்ல கோடு போட்டு மார்க் பண்ணிட்டுத்தான் ரிக்கை உள்ளயே விட்டாங்க. ஆபீஸ்ல உக்காந்து சதுரம் சதுரமா கட்டம் போட்டு அனுப்பியிருந்த ப்ளான்படி போயிருந்தா இது மாட்டியே இருக்காது.

எக்ஸ்ஆர்எஃப் கன் ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க, துப்பாக்கி மாதிரி மண்ணு மேல வெச்சு அழுத்துனா ஒரு நிமிஷத்துல எந்த உலோகம் எவ்வளவுன்னு ஸ்க்ரீன்ல வந்துடும். பாக்க பிரமாதமா இருக்கும், ஆனா அது மொத்த குரோமியத்தைத்தான் காட்டும், குரோமியம் 3ஆ 6ஆன்னு பிரிக்கத் தெரியாது. விஷயமே அதுலதான் இருக்கு, 3 பெருசா நகராது, விஷமும் கம்மி, 6 தண்ணியோட ஓடும், மூச்சுல போனா கேன்சர் வரை இழுக்கும். மண்ணு ஈரமா இருந்தாலும் அந்த கன் கம்மியா காட்டும். இதை எங்ககிட்ட மறைக்காம சொன்னாங்க, கன் வெச்சு எங்க அதிகம்னு தேடி, அங்க இருந்து லேபுக்கு அனுப்புனாங்க. கன் ரீடிங்கை மட்டும் வெச்சே ரிப்போர்ட் குடுக்கறவங்களும் இருக்காங்க, உஷாரா இருங்க.

டிசிஇ மாதிரி ஆவியாகற சமாச்சாரத்துக்கு சாம்பிள் எடுக்கற விதமே வேற. கரண்டில அள்ளி கலக்கி டப்பால போட்டா லேபுக்குப் போறதுக்குள்ள பாதி பறந்துடும், ரிசல்ட் சூப்பரா வரும், எல்லாருக்கும் சந்தோஷம். இவங்க சின்ன சிரிஞ்ச் மாதிரி ஒண்ணால குத்தி எடுத்து, உடனே மெத்தனால் இருந்த குப்பில போட்டு மூடி, ஐஸ் பாக்ஸ்ல வெச்சாங்க. கூடவே லேப்லயே நிரப்புன சுத்தமான தண்ணி குப்பி ஒண்ணும் போய்ட்டு வந்துச்சு, வழியில ஏதாவது கலந்துச்சான்னு பாக்கறதுக்கு. யார் கையில இருந்து யார் கைக்கு எத்தனை மணிக்கு மாறுச்சுன்னு கையெழுத்து ஷீட்டும் கூடவே. இதையெல்லாம் பாத்து நான் மயங்கிட்டேன்னே சொல்லலாம், அதனாலதான் பின்னாடி தண்ணி மேட்டர்ல நடந்தது இன்னும் கடுப்பாச்சு.

மண்ணை சுத்தம் பண்ண ரெண்டு வழியும் கலந்து பண்ணாங்க. மஞ்சள் அடிச்ச இடம், சுவர் ஓரம் ரெண்டையும் தோண்டி அபாயகர கழிவு கிடங்குக்கு அனுப்பிட்டாங்க. மிச்சம் லேசா குரோமியம் இருந்த மண்ணை அங்கேயே வெச்சு ஃபெரஸ் சல்ஃபேட் கரைசல் கலந்து 6ஐ 3ஆ மாத்துனாங்க. கேக்க ஈஸியா இருக்கு, ஆனா ஒழுங்கா கலக்கணும், கட்டி கட்டியா களிமண் இருந்தா உள்ள மருந்து போகாது, மண்ணுல மாங்கனீஸ் ஆக்சைடு ஜாஸ்தி இருந்தா காலப்போக்குல 3 திரும்ப 6 ஆகவும் சான்ஸ் இருக்கு. இதை டெஸ்ட் பண்ணீங்களான்னு கேட்டேன், கேக்கறதுக்கு முன்னாடியே பண்ணி வெச்சிருந்தாங்க. வேலை நடக்கறப்போ தூசி மீட்டர் வேலி ஓரமா ஓடிட்டே இருந்துச்சு, அளவு ஏறுனா வேலையை நிறுத்தி தண்ணி அடிச்சாங்க, டிப்பர் டயரைக் கழுவாம கேட்டை விட்டு வெளிய விடல. பக்கத்து வீட்டுக்காரங்க ஆரம்பத்துல சண்டைக்கு வந்தாங்க, அந்த மீட்டர் ரீடிங்கை தினமும் கேட்ல ஒட்டவும் அடங்கிட்டாங்க.

குழி தோண்டி முடிச்சதும் நாலு பக்க சுவர்லயும் அடியிலயும் சாம்பிள் எடுத்து, ரிசல்ட் வந்த பிறகுதான் மூடணும். ஒரு பக்கம் ஃபெயில் ஆச்சு, முனகாம இன்னும் தோண்டுனாங்க. மூடறதுக்கு வர்ற மண்ணையும் டெஸ்ட் பண்ணனும், இதைத்தான் பல பேர் கோட்டை விடறாங்க, இன்னொரு ஃபேக்டரி இடத்துல தோண்டுன மண்ணை ஃப்ரீயா வருதுன்னு கொண்டு வந்து கொட்டி, பழைய அழுக்கை எடுத்துட்டு புது அழுக்கை வெக்கற கதை நிறைய நடக்குது. எங்களுக்கு வந்த முதல் லோடுலயே செங்கல் தூளும் தார் வாசனையும் இருந்துச்சு, சூப்பர்வைசர் மோந்து பாத்துட்டு திருப்பி அனுப்பிட்டாரு. அந்த மனுஷனுக்கு தனியா ஒரு ஸ்டார்.

இப்போ தண்ணி. டிசிஇ தண்ணியை விட கனம், லிட்டருக்கு 1.46 கிலோ. பெட்ரோல், டீசல்னா கசிஞ்சா நிலத்தடி நீர் மேல மிதக்கும், ஓரளவு தேடிப் பிடிச்சுடலாம், இது அப்படி இல்ல, தண்ணிக்குள்ள முங்கி கீழ போய் எங்க களிமண் அடுக்கு தடுக்குதோ அங்க உக்காந்துக்கும். அமெரிக்காவுல குடிதண்ணில இதுக்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அந்தக் கணக்குல ஒரே ஒரு லிட்டர் டிசிஇ கிட்டத்தட்ட 29 கோடி லிட்டர் தண்ணியை வரம்பு வரைக்கும் கொண்டு வந்துடும். பெரியவரு சுவர் ஓரமா ஊத்துனோம்னு சொன்னது வருஷக்கணக்குல.

கம்பெனி போட்ட கண்காணிப்பு கிணறு மூணு. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கண்டுபிடிக்க மூணு குறைந்தபட்சம், அதுக்கு மேல தெரியணும்னா பத்தாது. ஆழமும் எல்லாம் ஒரே ஆழம், மேல் மட்டத்துல. அடியில போய் உக்கார்ற சமாச்சாரத்தை மேல் மட்டத்துல தேடுனா எப்படிங்க கிடைக்கும்னு கேட்டதுக்கு பட்ஜெட்னு பதில். பட்ஜெட் நாங்க கேட்டு குறைச்சது இல்ல, கொட்டேஷன்லயே அப்படித்தான் வந்துச்சு. அப்புறம் எண்ணெய் கரைசல் இறக்குனாங்க, தாவர எண்ணெயை பால் மாதிரி குழைச்சு பூமிக்குள்ள அழுத்தி விடறது, அதைத் தின்னு பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் எல்லாம் தீர்ந்து, பிறகு டிசிஇல இருக்கற குளோரினை ஒண்ணொண்ணா கழட்டும். நல்ல டெக்னிக்தான், உலகம் பூரா பண்றாங்க. ஆனா கழட்டுற வழியில வினைல் குளோரைடுன்னு ஒண்ணு வரும், அது டிசிஇயை விட மோசம், அமெரிக்க வரம்பு 2 மைக்ரோகிராம்தான். அதையும் தாண்டி எத்திலீன் வரைக்கும் முழுசா கொண்டு போறதுக்கு டிஹாலோகாக்காய்டிஸ்ங்கற பாக்டீரியா வேணும், அது அந்த மண்ணுல இருக்கான்னு முதல்ல டெஸ்ட் பண்ணனும், இல்லேன்னா வெளிய இருந்து கொண்டு வந்து விடணும், இல்லாட்டி பாதில நின்னுடும்.

ரிப்போர்ட் வந்துச்சு, டிசிஇ நல்லா இறங்கியிருக்குன்னு பச்சைக் கலர்ல கிராஃப், கைதட்டல் எல்லாம். வினைல் குளோரைடு வரியில "கண்டறியப்படவில்லை"ன்னு போட்டிருந்துச்சு. எனக்கு ஏதோ உறுத்துச்சு, பின் இணைப்புல லேப் ஷீட்டைத் தேடிப் பாத்தா அந்த லேப் கண்டுபிடிக்கற குறைந்தபட்ச அளவே 10. வரம்பு 2, லேப் பாக்கறது 10ல இருந்து, அப்போ 9 இருந்தாலும் கண்டறியப்படவில்லைதான! இதைக் கேட்டா ப்ராஜெக்ட் மேனேஜர் அது லேப் பிரச்சனைங்கறாரு. லேபை தேர்ந்தெடுத்தது யாரு? பாக்டீரியா டெஸ்ட் பண்ணீங்களான்னா அடுத்த ரவுண்டுலன்னாரு. வேற ஒரு கன்சல்டன்ட்டை வெச்சு சரியான லேப்ல அதே கிணத்துத் தண்ணியை குடுத்துப் பாத்தோம், வினைல் குளோரைடு இருந்துச்சு. கம்பெனி திரும்ப வந்து பாக்டீரியா இறக்குனது அதுக்கு அப்புறம்தான், சொந்த செலவுல பண்ணாங்க, அதுக்காகத்தான் 1ல இருந்து 2 ஆக்குனேன். டிசிஇ கொஞ்சம் திரும்ப ஏறிட்டும் இருக்கு, களிமண்ணுக்குள்ள ஊறிப் போனது மெதுவா வெளிய வரும், அது இந்த வேலையில சகஜம்னு ரெண்டாவது ஆளும் சொல்றாரு, அதனால அதுக்கு மார்க் குறைக்கல. ஆனா அது சகஜம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே, முதல் ரவுண்டு ரிசல்ட்டை வெச்சே வேலை முடிஞ்சுதுன்னு லெட்டர் குடுக்கறேன்னு வந்தாங்களே, அதுதான் ஆத்திரம்.

கட்டடம் சம்பந்தமா குடுத்த ஐடியா மட்டும் தங்கம். நாங்க ஆபீஸ் கட்ட நினைச்ச இடம் சரியா டிசிஇ அறைக்கு மேல. ஆவி மேல வந்து மூடுன ரூமுக்குள்ள சேரும், அதனால லே அவுட்டையே திருப்பி அந்த இடத்தை லாரி நிறுத்தற தளமா மாத்திடுங்க, ஆபீஸை எதிர் மூலைக்கு கொண்டு போங்கன்னாங்க, ஆர்க்கிடெக்ட் முறைச்சாரு, ஆனா மாத்துனோம். ஆபீஸ் தரைக்குக் கீழயும் சரளை அடுக்கு, ஓட்டை போட்ட பைப், அது மேல தடிமனான ஷீட், பைப்பை கூரை வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டாங்க, பின்னாடி தேவைப்பட்டா ஃபேன் மாட்டிக்கலாம். கட்டும்போதே பண்றது சுலபம், கட்டி முடிச்ச பிறகுன்னா தரையைத்தான் உடைக்கணும்.

எல்லா மண்ணையும் எடுத்துட்டாத்தான் சுத்தம்னு நினைக்கற பார்ட்னருக்கு (அதே ஜேசிபி பார்ட்னர், இப்போ எதிர் பக்கத்துக்கு தாவிட்டாரு) வெளிய என்ன பண்ணாங்கன்னு நான் காட்டினேன். சியாட்டில்ல 1956ல நின்னு போன கேஸ் ஆலையை ரிச்சர்ட் ஹாக்ங்கற வடிவமைப்பாளர் பார்க் ஆக்குனாரு, 1975ல திறந்தாங்க, எண்ணெய் ஊறுன மண்ணை முழுசா வெளிய அள்ளிட்டுப் போகாம, கிளறி உரம் கலந்து நுண்ணுயிருங்க அந்த எண்ணெயைத் தின்னட்டும்னு விட்டாங்க, பக்கத்துல இருக்கற ஏரியோட அடி வண்டல் பிரச்சனை இன்னைக்கும் தீரல, அங்க தண்ணில இறங்கக் கூடாது. ஜெர்மனில டூயிஸ்பர்க்ல 1985ல மூடுன இரும்பாலையை பீட்டர் லாட்ஸ் பார்க்கா மாத்துனப்போ ரொம்ப மோசமான மண்ணை பழைய பங்கருக்குள்ளயே போட்டு சீல் வெச்சிட்டாங்க. லண்டன் 2012 ஒலிம்பிக் பார்க்குக்கு மண்ணு ஆஸ்பத்திரின்னு அங்கேயே செட்டப் போட்டு, மண்ணைக் கழுவி அதே இடத்துல திரும்ப போட்டாங்க. எடுக்கறதோ விடறதோ அவ்வளவு முக்கியம் இல்ல, விட்டதை எங்க விட்டோம்னு எழுதி வெச்சு, மேல என்ன கட்டலாம் கட்டக் கூடாதுன்னு பத்திரத்துலயே ஏத்தணும். எங்களுது குடோன் தரத்துக்குத்தான் சுத்தம் பண்ணியிருக்கு, நாளைக்கு எவனாவது வீடு கட்ட வாங்குனா திரும்ப பாக்கணும், கிணறு தோண்டவே கூடாது, ரெண்டும் பத்திரத்துல ஏறிடுச்சு. இதை கம்பெனியே டிராஃப்ட் பண்ணிக் குடுத்தாங்க, லவ் கெனால் வரி மாதிரி நழுவுற வரி இல்லாம தெளிவா.

ஆக, உங்க இடத்துல பிரச்சனை உலோகம், எண்ணெய், தோண்டி எடுக்கற டைப்னா இந்த மாதிரி கம்பெனியை தைரியமா கூப்பிடலாம். டிசிஇ, பெர்க்ளோரோஎத்திலீன் மாதிரி குளோரின் சால்வென்ட் இருக்குன்னு தெரிஞ்சா தண்ணி வேலைக்கு மட்டும் தனி ஆளை வெச்சுடுங்க, தோண்டறவனையே செக் பண்ணவும் விடாதீங்க, சாம்பிள் எடுக்கறவனுக்கு சம்பளம் உங்ககிட்ட இருந்து நேரா போகணும். ஒப்பந்தத்துல லேப் ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு கீழ வரைக்கும் பாக்கணும்ங்கற நம்பரை எழுதச் சொல்லுங்க, வரம்புக்கு கீழதான் இருக்கணும். கிணறு எத்தனை ஆழத்துலன்னும் எழுதுங்க. லேப் டேட்டாவை எக்செல்ல குடுக்கணும்னும் ஒரு வரி சேத்துக்கோங்க, எங்களுக்கு தடிமனா ஒரு பிடிஎஃப் ஸ்கேன் பண்ணி அனுப்புனாங்க, அதுல பின் இணைப்பு பூரா தலைகீழ.